நீந்தும் எலியும் நாடற்ற மனிதரும்

1977 இல் போர்சோல்ட் குழுவினர் தப்பவியலாத நீர்க்குடுவையில் எலிகளை இட்டனர். சிறிது போராடியபின் அவை அசைவற்று மிதந்தன. இமிப்பிரமின் முதலிய மருந்துகள் அவ்வசைவின்மையைக் குறைத்தன. மனச்சோர்வு நீக்கிகள் பலவற்றின் ஆற்றல் பின்னர் இவ்வளவையாலேயே ஒப்பிடப்பட்டது. மிதப்பது சோர்வா, வலுவைச் சேமிக்கும் இசைவாக்கமா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை.

அதே காலத்திலேதான் ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களிலிருந்து மக்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டுக்கொண்டிருந்தனர். 1964 ஆம் ஆண்டுச் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரைக் கணக்கிட்டது. பிரிந்த குடும்பங்களைக் கணக்கிடவில்லை. அத்துயரை எக்குடுவை அளக்கும்?

இலங்கையின் தற்கொலை வீதம் 1995 அளவில் உச்சமடைந்தது. கொடிய பூச்சிகொல்லிகளும், 2008 முதல் படிப்படியாக, தேயிலைத் தோட்டங்களில் களையழிக்கப் பயன்பட்ட பராகுவாட்டும் விலக்கப்பட, அது பெரிதும் வீழ்ந்தது. இவ்வீழ்ச்சியில் மனச்சோர்வு மருந்துகளின் பங்கு மிகச் சிறிதே என்பது எமது துணிபு.