இரைப்பை அறுவைக்குப் பின் எண்டோஸ்கோப் வழி உணவூட்டுக் குழாய் பொருத்துதல்

வாயால் விழுங்க இயலாதவருக்கு வயிற்றுச் சுவரில் துளையிட்டு, எண்டோஸ்கோப் துணையுடன் இரைப்பைக்குள் குழாய் பொருத்தி நீர்ம உணவு செலுத்தும் முறை 1979இல் தோன்றியது. இரைப்பையின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ முன்பே அறுவையில் இழந்தவர்களிடம் இம்முறை தனிச் சிக்கல்களை எழுப்புகிறது.

உணவூட்டுவதற்காக மனித இரைப்பையில் முதலில் துளையிட்டவர் பிரெஞ்சு அறுவை மருத்துவர் செதியோ. 1849இல் ஸ்ட்ராஸ்பூர்கில் நடந்த அந்த முயற்சியில் நோயாளி பிழைக்கவில்லை. நோயாளிகள் உயிர் பிழைக்கத் தொடங்கியது 1870களில்தான். 1881இல் வியன்னாவில் பில்ரோத், புற்றுநோய்க்காக இரைப்பையின் கீழ்ப்பகுதியை வெற்றிகரமாக அகற்றினார். அதன்பின் இரைப்பையை வெட்டி எஞ்சியதைக் குடலோடு இணைக்கும் அறுவைகள் பரவின.

1979 ஜூனில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் குழந்தை அறுவை மருத்துவர் காடரரும் எண்டோஸ்கோப் வல்லுநர் பான்ஸ்கியும் வயிற்றைத் திறக்காமலேயே ஒரு குழந்தைக்குக் குழாய் பொருத்தினர். இரைப்பையைக் காற்றால் விரித்து வயிற்றுச் சுவரோடு ஒட்டச் செய்வதே இதன் அடிப்படை. இரைப்பையின் ஒரு பகுதியை இழந்தவரிடம் இந்த அடிப்படையே ஆட்டம் காண்கிறது. எஞ்சிய இரைப்பை சிறுத்து இடது விலா எலும்புகளுக்கு அடியில் ஏறிவிடும். முன்னால் கல்லீரலோ பெருங்குடலோ வந்து நிற்கும். பழைய அறுவையின் ஒட்டுத்திசுக்கள் குடலை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். குழாய் பெருங்குடலைத் துளைத்துச் சென்றால் அது உடனே தெரியாமலும் போகலாம். சில மாதங்கள் கழித்துக் குழாயை மாற்றும்போது புதுக்குழாய் பெருங்குடலிலேயே நின்றுவிட, செலுத்திய உணவு அப்படியே வயிற்றுப்போக்காக வெளியேறும்போதுதான் தவறு புலப்படும். இதனால் முன்னர் நடந்த வயிற்று அறுவையைத் தொடக்கத்தில் ஒரு தடையாகவே கருதினர்.

அந்தத் தடையைத் தளர்த்திய உத்தியை 1988இல் ஃபௌட்சும் உடன் பணியாற்றியோரும் விவரித்தனர். முதலில் எண்டோஸ்கோப் ஒளி வயிற்றின் தோலில் தெரிகிறதா, விரலால் அழுத்தும் இடம் இரைப்பைக்குள் குழிகிறதா என்று பார்ப்பர். பிறகு நீர்மம் நிரப்பிய சிரிஞ்சின் தண்டைப் பின்னிழுத்தபடியே ஊசியைச் செலுத்துவர். ஊசி முனை இரைப்பைக்குள் தெரியும் அதே நொடியில் காற்றுக்குமிழி எழுந்தால் பாதை பாதுகாப்பானது. முனை தெரியும் முன்பே குமிழி வந்தால் இடையில் குடல் இருக்கிறது. அந்த இடத்தைக் கைவிட வேண்டும்.

இரைப்பையை எட்ட இயலாதபோது சிறுகுடலே இலக்காகிறது. இரைப்பை அகற்றப்பட்ட புற்றுநோயாளிகளுக்குச் சிறுகுடலில் நேரடியாகக் குழாய் பொருத்தும் முறையை 1987இல் ஷைக் குழுவினர் வெளியிட்டனர். இரைப்பை குறுகியோ இல்லாமலோ இருப்பதால் எண்டோஸ்கோப் விரைவில் சிறுகுடலை எட்டுவது இவர்களுக்குச் சாதகம். ஆனால் சிறுகுடலுக்கு உணவைத் தேக்கி வைக்கும் திறன் இல்லை. எனவே மொத்தமாக ஊற்றாமல் பம்ப் மூலம் மெதுவாகச் செலுத்த வேண்டும்.

இவ்விரு வழிகளும் அடைபட்டால் சி.டி. ஸ்கேன் வழிகாட்டலிலோ லேப்ராஸ்கோப்பி துணையுடனோ குழாய் வைக்கின்றனர். ஜப்பானில் கழுத்து வழியாக உணவுக்குழலில் துளையிட்டுக் குழாயைக் கீழே இறக்கும் முறையும் உருவாக்கப்பட்டது.