நெல்லையில் அல்வா வாங்கப் போய் 'அல்வா' வாங்கிட்டு வராதீங்க!

நெல்லை:

நெல்லைக்கு வந்துட்டு அல்வா இல்லாம ஊர் திரும்பினா வீட்டுல விட மாட்டாங்க. அதனால பஸ் கிளம்புற அவசரத்தில், கண்ணுல பட்ட பொட்டலத்தை வாங்கிட்டு ஏறுறவங்க ஏராளம். ஒரே பேருக்கு முன்னால 'ஒரிஜினல்' என்று சேர்த்துக்கிட்ட போர்டுகள் வேற குழப்பும்.

அசல் அல்வாவுக்கு சம்பா கோதுமையை ஊற வைத்து, அரைத்து, பால் பிழிய வேண்டும். அதில் சர்க்கரை, நெய் சேர்த்து மணிக்கணக்கில் கிளற வேண்டும். அந்த செந்நிறம் சர்க்கரையைக் காய்ச்சும்போது வருவது. கலர் பொடி தேவையில்லை. மைதா, சோளமாவு அல்வா ரப்பர் மாதிரி இழுபடும். டால்டா என்றால் மேல்வாயில் பிசுபிசுன்னு ஒட்டும். எனவே முதலில் 50 கிராம் சூடாக வாங்கி வாயில் போட்டுப் பாருங்க. பல்லில் ஒட்டாம வழுக்கிக்கிட்டு போகணும். பிறகு கிலோ கணக்கு பேசலாம்.

டவுனில் நெல்லையப்பர் கோவில் எதிரே உள்ள இருட்டுக்கடையில் வியாபாரம் சாயங்காலம்தான். ஒற்றை பல்பு வெளிச்சத்தில் விற்றதால் வந்த பேர் அது. கடை திறக்கும் முன்பே வரிசை நிற்கும். லேட்டா போனா காலி.

இனிப்பு திகட்டினால் சொதி சாப்பாடு இருக்கு. தேங்காய்ப்பாலில் காய்கறியும் பாசிப்பருப்பும் போட்ட குழம்பு. தொட்டுக்க இஞ்சித் துவையல் கட்டாயம். தேங்காய்ப்பால் மந்தத்துக்கு இஞ்சிதான் மருந்து. கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்தில் போடுவதால் 'மாப்பிள்ளை சொதி' என்றும் சொல்வாங்க. எல்லா ஓட்டலிலும் தினமும் கிடைக்காது. இலை போடும் முன்பே கேட்டுக்கங்க.