ஆடு தொடா இலையும் ஹேவ்லாக் ஆட்டுக்குட்டியும்

மருந்து வடித்தபின் எஞ்சும் மூலிகைச் சக்கையை ஆட்டுக்குட்டிகளுக்குத் தீவனமாக்கலாம் என்னும் யோசனை கால்நடை ஆய்வாளரிடையே இன்று செல்வாக்குப் பெற்றுள்ளது. ஹேவ்லாக் போன்ற தீவில் அதன் கவர்ச்சி எளிதில் விளங்கும். 1950-களில் கிழக்கு வங்க அகதிகள் குடியமர்த்தப்பட்ட இத்தீவுக்கு அடர்தீவனம் பெரும்பாலும் கப்பலேறியே வரவேண்டும். (1857 எழுச்சியை ஒடுக்கிய தளபதியின் பெயரை நீக்கி 2018 டிசம்பரில் ‘ஸ்வராஜ் த்வீப்’ எனப் பெயர் மாற்றினர், பேச்சு வழக்கில் பழைய பெயரே நீடிக்கிறது.)

ஆனால் மூலிகைக்கும் ஆட்டுக்கும் உள்ள உறவு புதியதன்று. அதன் மிகப் பழைய சான்றுகளுள் சில நம் செடிப்பெயர்களிலேயே உள்ளன. ஆடாதோடை என்பது ஆடு தொடாதது. லின்னேயஸ் 1753-இல் அச்செடிக்கு அறிவியற்பெயர் சூட்டியபோது இச்சொல்லையே சிற்றினப் பெயராகக் கொண்டார். ஐரோப்பியத் தாவரவியலில் இன்றளவும் ஓர் ஆட்டிடையனின் கவனிப்பு பதிந்து நிற்கிறது. மற்றொன்று ஆடுதீண்டாப்பாளை, ஆடுதின்னாப்பாளை என்றும் சொல்வர். இரண்டும் சித்த மருத்துவச் சரக்குகள். இரண்டையும் மேய்ச்சலில் ஆடு ஒதுக்கும்.

இரண்டாவது பெயரில் உயிர்ப் பிரச்சினை உண்டு. ஆடுதீண்டாப்பாளை அரிஸ்டோலோக்கியா இனத்தது. அவ்வினச் செடிகளிலுள்ள அமிலம் சிறுநீரகத்தை அழிக்கும். மெலிவதற்காகச் சீன மூலிகை கலந்த மாத்திரை உண்ட பெல்ஜியப் பெண்களின் சிறுநீரகங்கள் செயலிழந்ததை 1993-இல் பிரஸ்ஸல்ஸ் மருத்துவர்கள் வெளியிட்ட பின்னரே உலகம் விழித்தது. கொதிநீரில் இந்நஞ்சு முழுவதும் வெளியேறிவிடும் என்று கருத இடமில்லை. மேய்ச்சலில் வாடையாலும் கசப்பாலும் எச்சரிக்கை பெறும் ஆடு, அதே செடி உலர்ந்து தவிட்டோடும் வெல்லப்பாகோடும் கலந்து வரும்போது அந்தக் காவலை இழக்கிறது. ‘கழிவு’ என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் எல்லாச் சக்கையையும் அடக்கும் போக்கை நான் ஏற்கத் தயங்குவது இதனால்தான்.

நெல்லி, கடுக்காய் முதலியவற்றின் சக்கை வேறு வகை. அவற்றின் துவர்ப்புப் பொருள்கள் மிகுந்தால் புரதச் செரிமானத்தைக் கெடுக்கும். அந்தமானில் இயல்பாக நினைவுக்கு வருவது ‘நோனி’ என விற்கப்படும் நுணா. நிக்கோபார் மக்களின் மருத்துவத்தில் அதற்கு இடமுண்டு. 1978-இல் போர்ட் பிளேரில் தொடங்கப்பெற்ற மத்திய வேளாண் ஆய்வு நிறுவனம் நுணாப் பழச்சாற்றைக் கோழிகளுக்குக் கொடுத்து ஆய்ந்துள்ளது. சாறு பிழிந்தபின் சதையும் விதையும் எஞ்சுகின்றன. ஆயினும் கோழியின் குடல் வேறு, அசைபோடும் விலங்கின் வயிறு வேறு.

குட்டியின் வயிறோ இன்னும் வேறு. பிறந்த குட்டிக்கு அசையறை வளர்ந்திருக்காது. இரண்டு மூன்று வாரங்களில் தழையைக் கடிக்கத் தொடங்கினாலும் நார்ப்பொருளைச் செரிக்கும் திறன் படிப்படியாகவே வரும். அந்தமானின் மழையையும் இங்குக் கணக்கில் கொள்ளவேண்டும்: ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர். ஈரச் சக்கை அங்கு விரைவில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை நச்சு இளங்குட்டியையே முதலில் தாக்கும்.

இதே கடலில் பாரன் தீவு என்னும் எரிமலைத்தீவு இருக்கிறது. 1891-இல் கப்பலிலிருந்து அங்கு இறக்கிவிடப்பட்ட ஆடுகளின் வழித்தோன்றல்கள் 1991-இல் எரிமலை சீறியபோதும் முற்றிலும் அழியவில்லை. அவற்றுக்குத் தீவனம் கலந்து வைத்தவர் எவருமிலர். எதைத் தொடுவது, எதை விடுவது என்பதை அவையே தீர்மானித்தன. ஹேவ்லாக்கில் கட்டிவைத்து வளர்க்கப்படும் குட்டிக்கு அத்தெரிவு கிடையாது. தொட்டியில் விழுவதையே அது உண்ணும்.