மானியமும் மண் காத்த கைகளும்

மலைநாட்டுக் காடுகளை அழித்துக் கோப்பி நடப்பட்டது. 1869இல் இலைநோய் தோன்றவே தேயிலை அதனிடத்தைப் பெற்றது. நிலத்தைச் சுரண்டிக் களையெடுத்தமையால் மேல்மண் மகாவலியிலும் களனியிலும் கரைந்தோடியது. 1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1950களின் இறுதியில் மீள்நடுகை மானியம் வந்தது. பழஞ்செடியைப் பிடுங்கி, மண் தேறுவதற்குக் குவாத்தமாலாப் புல் வளர்த்து, அதன் பின்னரே புதுக்கன்று நடுவது முறை. விளைவற்ற அவ்விடைக்காலச் செலவில் ஒரு பங்கை மானியம் ஏற்றது.

ஆயின் அப்பணம் தோட்ட உடைமையாளரையே சேர்ந்தது. கான் வெட்டி, கல்லணை கட்டி, புல் நட்ட தொழிலாளருட் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமையற்றிருந்தனர். 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. உழைத்தோர் நிலமற்றோராகவே நின்றனர். சுற்றாடலைப் பேணுவோர்க்கே மானியம் என இன்று பேசுவோர், பேணுவோர் யாரென்பதை முதலில் வரையறுத்தல் வேண்டும்.