ஒளியேற்றிய எதிர்ப்பொருள்

1939-ஆம் ஆண்டுக் கோடையில் ஆல்பர்ட் கூன்ஸ் என்னும் அமெரிக்க இளம் மருத்துவர் விடுமுறைக்கு பெர்லின் சென்றிருந்தார். அந்நகரத் தெருக்களில் நடக்கும்போதும் ஒரு நோயைப் பற்றியே எண்ணினார். பிள்ளைகளுக்குத் தொண்டைப் புண்ணாய்த் தொடங்கி, பின்னர் இதயத்தைப் பழுதாக்கும் வாதக் காய்ச்சல் அது. தொண்டைக் கிருமியின் பொருள் இதயத் தசையில் இருக்கிறதா? இருந்தால் கண்ணால் காண்பது எப்படி?

கிருமி புகுந்தால் நம் இரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டாகிறது. அது தனக்குரிய பொருளைத் தேடிப் பற்றும். அதனோடு ஒளிரும் சாயத்தைப் பிணைத்துவிட்டால், பற்றிய இடம் தெரிந்துவிடுமல்லவா? 1941-இல் கூன்ஸும் துணைவர்களும் பிணைத்த சாயம் நீலமாக ஒளிர்ந்தது. ஆனால் உயிர்த் திசுவுக்கே இயல்பில் ஒரு நீல ஒளி உண்டு! அடுத்த ஆண்டு பச்சையாக ஒளிரும் சாயத்துக்கு மாறினார்கள். சுண்டெலியின் உறுப்புகளில் நிமோனியாக் கிருமியின் பொருள் இருக்கும் இடம் தெரிந்தது. பிறகு கூன்ஸ் போர்ப் பணிக்குப் போக, வேலை சில ஆண்டுகள் நின்றது.

வேறொரு தொல்லையும் இருந்தது. உறுப்பை மெல்லியதாகச் சீவ, முதலில் அதைக் கெட்டியாக்க வேண்டும். ஃபார்மலினில் ஊறவைத்து மெழுகில் பதிப்பார்கள். இன்னும் மெல்லிய சீவலுக்கு, 1956 முதல் அரல்டைட் என்னும் பிசினிலும் பதித்தார்கள். பால்மரம் வெட்டும் நமக்கு இது எளிதில் விளங்கும். அமிலம் விட்டு உறையவைத்த பால், மீண்டும் மங்கில் இருந்த பாலாகுமா? ஃபார்மலின் புரதங்களை ஒன்றோடொன்று கட்டிவிடுகிறது. பிசினோ சுற்றிலும் இறுகிக்கொள்கிறது. தேடிவரும் எதிர்ப்பொருளுக்குப் பற்ற இடமில்லை. இருக்கும் புரதத்தையே இல்லையென்று சீவல் பொய் சொல்லும்.

ஸ்பிரிட்டில் காஸ்டிக் சோடாவைக் கரைத்து, பல நாள் வைத்திருந்து, அதனால் பிசினை அரித்தெடுத்தார்கள். ஃபார்மலின் கட்டை அவிழ்ப்பது எப்படி? கடுஞ்சூடு அதை அவிழ்க்கும் என்ற குறிப்பு 1940-களின் வேதியியல் ஏடுகளிலேயே கிடந்தது. ஷான்-ரோங் ஷி என்பவர் அதைத் தேடிப் படித்து, சீவல்களை மைக்ரோவேவ் அடுப்பில் கொதிக்கவைத்துப் பார்த்தார். மறைந்திருந்த புரதங்கள் பல வெளிப்பட்டன. இம்முடிவு 1991-இல் வெளிவந்தது. அரை நூற்றாண்டு அது யார் கண்ணிலும் படாமல் போனதுதான் நமக்கு வியப்பு.

எதிர்ப்பொருள் முறை நம் நாட்டிலும் கைகொடுத்தது. 1998-99-இல் பேராவில் தொடங்கி, நெகிரி செம்பிலான் பன்றிப் பண்ணைகளுக்குப் பரவிய மூளைக்காய்ச்சலில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் எண்ணினார்கள். பிறகு, அது நிப்பா என்னும் புதிய வைரஸ் என்று கண்டறியப்பட்டது. இறந்தோரின் மூளைச் சீவல்களில் எதிர்ப்பொருளை இட்டபோது, இரத்தக் குழாய்ச் சுவர்களிலும் நரம்பணுக்களிலும் அந்த வைரஸின் புரதம் இருந்தது தெரிந்தது.