முற்றத்து மரம்: நாரஞ்சின் வரலாறும் நமது நினைவும்

சீனப் புத்தாண்டுக் காலத்தில் ஹாங்காங், சிங்கப்பூர் முதலிய நகரங்களுக்குச் செல்வோர், வீட்டு வாயில்களிலும் கடை முகப்புகளிலும் தொட்டிகளில் நிறுத்தப்பட்டிருக்கும் சிறு மரமொன்றைக் காணாதிருக்க இயலாது. இடுப்பளவு உயரம், கரும்பச்சை இலைகள், அவற்றினூடே பெருவிரல் அளவே உள்ள பொன்னிறக் கனிகள். கும்குவாட் என்பது அதன் பெயர். கான்டனீஸ் மொழியில் இதற்குப் 'பொன் நாரத்தை' என்பது பொருள். தோல் இனிப்பும் உட்சதை புளிப்புமாக இருப்பதால் தோலுடனேயே உண்ணப்படும் கனி இது.

நம்மிடம் பயின்று சிங்கப்பூரில் பணிபுரியும் மாணவர் ஒருவர், தம் வீட்டு மாடத்தில் இம்மரத்தை வைத்திருப்பதாகக் கூறி, "இதற்கு அரபியில் என்ன பெயர் ஹஸ்ரத்?" என்று வினவினார். பழைய அரபியில் இதற்குப் பெயர் இல்லை. இன்றைய அரபியர் 'கும்குவாத்' என்று வேற்றுமொழிப் பெயரையே வழங்குகின்றனர் என்று விடையளித்தோம். ஆனால், வினா அத்துடன் நம்மை விடவில்லை. கனிமரத்தை அழகுக்காக முற்றத்தில் வளர்க்கும் வழக்கத்தை மேற்குலகிற்குக் கற்பித்தவர்களுள் முஸ்லிம்கள் முதன்மையானவர்கள் அல்லரோ? அம்மரம் எது? அது எங்கிருந்து வந்தது? அதனைப் பற்றி நாம் மேடைகளில் கூறிவருபவை எவ்வளவு உண்மை? இவ்வினாக்களை ஈண்டு ஆராய்வோம்.

பெயர் சென்ற வழி

அரபியர் இரு கனிகளை வேறுபடுத்திக் கூறுவர். ஒன்று உத்ருஜ், மற்றொன்று நாரன்ஜ். உத்ருஜ் பழங்காலந்தொட்டே மேற்கு ஆசியாவில் அறியப்பட்டது. குர்ஆன் ஓதும் முஃமினை மணமும் சுவையும் ஒருங்கே வாய்ந்த உத்ருஜ்ஜா கனிக்கு ஒப்பிடும் நபிமொழியை அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் வாயிலாக புகாரியிலும் முஸ்லிமிலும் காண்கிறோம். தடித்த தோலும், நீண்ட வடிவமும், மிகுந்த மணமும் உடைய கனி அது. எலுமிச்சையும் அன்று, இன்று நாம் உண்ணும் ஆரஞ்சும் அன்று.

நாரன்ஜ் என்பதோ பிற்காலத்தில் வந்தது. கசப்பும் புளிப்பும் கலந்த சாறும், மயக்கும் மணமுடைய வெண்பூவும் கொண்டது. இச்சொல் பாரசீகத்தின் 'நாரங்' என்பதிலிருந்தும், அது வடமொழியின் 'நாரங்க' என்பதிலிருந்தும் வந்தது. வடமொழிக்கு இது திராவிட மொழிகளிலிருந்தே சென்றிருத்தல் வேண்டும் என்பது மொழியறிஞர் பலரின் துணிபு. நமது நாரத்தையும், மலையாளத்தின் நாரங்ஙவும் அவ்வேரின் கிளைகளே. அரபியிலிருந்து ஸ்பானிய மொழிக்குச் சென்று 'நாரன்ஹா' ஆகி, வழியில் முதலெழுத்தை இழந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்து, இறுதியில் 'ஆரஞ்சு' என்ற உருவில் தமிழுக்கே திரும்பிவந்துள்ளது அச்சொல். பல நூற்றாண்டுப் பயணத்தின்பின் பிறந்த வீட்டிற்கு வந்த பிள்ளையை நாம் விருந்தினர் என்றெண்ணி வரவேற்றுள்ளோம்.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. இன்று அரபியர் உண்ணும் இனிப்பு ஆரஞ்சுக்கு 'புர்துகால்' என்று பெயர். போர்ச்சுக்கல் நாட்டின் பெயரே அது. இனிப்பு வகை பிற்காலக் கடல் வாணிகத்தால் பரவியது என்பதற்கு அப்பெயரே சான்றாக நிற்கிறது.

மஸ்ஊதியின் சாட்சியம்

ஹிஜ்ரி 345இல் மறைந்த வரலாற்றாசிரியர் அல்மஸ்ஊதீ, தமது முரூஜுத் தஹப் என்னும் நூலில் நாரன்ஜின் வருகையைத் தெளிவாகப் பதிவு செய்துள்ளார். ஹிஜ்ரி 300க்குப் பின் இம்மரம் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு முதலில் உமானில் நடப்பட்டது. அங்கிருந்து பஸராவுக்கும், இராக்கின் பிற பகுதிகளுக்கும், ஷாமுக்கும் சென்றது. தர்ஸூஸ், அந்தாக்கியா முதலிய ஊர்களில் மக்களின் வீடுகளில் அது மிகுந்துவிட்டது. ஆயினும் இந்திய மண்ணிலும் நீரிலும் காற்றிலும் அதற்கிருந்த நறுமணமும் நிறமும் அங்கே குன்றிவிட்டன என்பது அவர் தரும் செய்தியின் சாரம். 'வீடுகளில்' என்று அவர் கூறுவதை உற்றுநோக்க வேண்டும். வயலுக்கும் தோப்புக்கும் மட்டுமேயன்றி, முற்றத்திற்கும் உரிய மரமாகவே நாரன்ஜ் அரபுலகில் குடியேறியது.

அதே நூலில் மற்றொரு நிகழ்ச்சியும் இடம்பெறுகிறது. அப்பாஸிய கலீஃபா அல்காஹிர் ஹிஜ்ரி 320 முதல் 322 வரை (கி.பி. 932-934) ஆண்டவர். அவர் தமது அரண்மனை முற்றமொன்றில் ஏறத்தாழ ஒரு ஜரீப் பரப்பில் தோட்டம் அமைத்தார். நம் கணக்கில் நாற்பது சென்ட் இருக்கலாம். இந்தியாவிலிருந்து வந்து, பஸரா, உமான் வழியாகக் கொண்டுவரப்பட்ட நாரன்ஜ் மரங்கள் அதில் செறிந்து நின்றன. சிவப்பும் மஞ்சளுமாகக் கனிகள் விண்மீன்கள்போல் ஒளிர்ந்தன. பின்னர் அவர் பதவி நீக்கப்பட்டு, கண்களும் பறிக்கப்பட்டன. அடுத்து வந்த அர்ராளீ, மறைத்துவைத்த செல்வம் எங்கே என்று வினவியபோது, தோட்டத்தில் புதைத்துள்ளதாகவும், பார்வையற்ற தம்மால் இடத்தைக் காட்ட இயலாதெனவும், தோண்டினால் கிடைக்கும் எனவும் அவர் கூறினார். தோட்டம் முழுவதும் தோண்டப்பட்டது. மரங்கள் வேரோடு வீழ்ந்தன. ஒரு காசும் கிடைக்கவில்லை. காரணம் கேட்டபோது, தம்மிடம் செல்வமே இல்லையென்றும், தமக்கு இன்பமளித்த அத்தோட்டத்தில் பிறர் அமர்ந்து மகிழ்வதையே தாம் பொறுக்கவில்லையென்றும் அவர் விடையளித்தாராம்.

பொறாமையின் கதை இது, பின்பற்றத்தக்கதன்று. எனினும், அரபுலகில் கால்பதித்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குள் இம்மரம் ஒரு பேரரசரின் உள்ளத்தில் எத்தகைய இடத்தைப் பிடித்திருந்தது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

குர்துபாவின் முற்றம்

இனி, நம் மேடைகளில் அடிக்கடி கேட்கும் கூற்று ஒன்றுக்கு வருவோம். குர்துபாவின் பெரிய பள்ளிவாசலைக் கட்டிய முதலாம் அப்துர் ரஹ்மான், அதன் ஸஹ்னில் ஆரஞ்சு மரங்களை நட்டார் என்பதே அது. அம்முற்றத்தை ஸ்பானியர் 'நாரத்தை முற்றம்' என்றழைப்பதும், இன்றும் அங்கே அம்மரங்கள் வரிசையாக நிற்பதும் இக்கூற்றுக்கு வலுவூட்டுகின்றன.

ஆண்டுகளை ஒப்பிட்டால் இது நிலைக்காது. பள்ளிவாசலின் கட்டுமானம் தொடங்கியது கி.பி. 785-786இல். நாரன்ஜ் உமானை அடைந்ததாக மஸ்ஊதீ கூறும் காலமோ அதற்கு ஏறத்தாழ 125 ஆண்டுகள் பிந்தியது. அவர் கூறும் காலத்தைச் சில பத்தாண்டுகள் முன்னே நகர்த்தினாலும் இடைவெளி நிரம்பாது. அந்தலுஸின் அறிஞர் வரலாறுகளைத் தொகுத்த இப்னுல் ஃபரளீ, ஸஃஸஆ இப்னு ஸல்லாம் என்னும் முஃப்தியின் காலத்தில் ஜாமிஉ மஸ்ஜிதில் மரங்கள் நடப்பட்டன என்று மட்டுமே குறிக்கிறார். எந்த மரம் என்று அவர் கூறவில்லை. இன்றைய மரங்களோ 1236இல் குர்துபா முஸ்லிம்களின் கையைவிட்டுச் சென்ற பின்னர், தலைமுறை தலைமுறையாக நட்டும் மாற்றியும் வந்தவை.

மரத்தின் பெயரைக் காட்டிலும் பெரியதொரு செய்தி அக்குறிப்பில் அடங்கியுள்ளது. பள்ளிவாசல் முற்றத்தில் மரம் நடுவது இமாம் அவ்ஸாஈ (ரஹ்) அவர்களும் ஷாம் நாட்டு அறிஞர்களும் ஏற்ற கருத்து. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களும் அவர்தம் மாணாக்கரும் அதனை வெறுத்தனர். அந்தலுஸ் பின்னர் முழுமையாக மாலிகீ மத்ஹபைத் தழுவியது. ஆனாலும் முற்றத்து மரங்கள் நின்றன. அவற்றின் கனி யாருக்குரியது, பள்ளியின் செலவுக்கு ஆகுமா, வருவோர் பறித்துண்ணலாமா என்றெல்லாம் ஃபுகஹாக்கள் வாதிட்டனர். வெட்டிவிடுக என்று முடிக்காமல், நிற்கும் மரத்திற்குரிய சட்டம் யாது என்று சிந்தித்த அந்தப் பக்குவம், சிறு கருத்து வேறுபாட்டிற்கும் பள்ளியைப் பிரித்துக்கொள்ளும் நமக்குப் பாடமாகும். 'அப்துர் ரஹ்மான் ஆரஞ்சு நட்டார்' என்னும் பிழையான பெருமையைப் பற்றிக்கொண்டு, இவ்வுண்மையான பெருமையை நாம் கைவிட்டிருக்கிறோம்.

ஏட்டில் எழுதிய உழவர்கள்

அந்தலுஸில் நாரன்ஜ் நிலைபெற்ற பின்னர், அதனை வளர்க்கும் கலை ஓர் அறிவுத்துறையாகவே மலர்ந்தது. தொலைதோவின் அரசர் மஃமூனின் தோட்டங்களைப் பேணிய இப்னு பஸ்ஸால், ஹஜ்ஜுக்குச் சென்று திரும்புகையில் பல நாட்டுத் தாவர அறிவையும் திரட்டிவந்தவர். 1085இல் தொலைதோ வீழ்ந்தபின் இஷ்பீலியாவுக்குச் சென்றார். மண்ணைப் பத்து வகையாகப் பகுத்து, ஒவ்வொன்றின் இயல்பையும் ஆராய்ந்த அவருடைய நூல் 1955இல் தெதுவானில் ஸ்பானிய மொழிபெயர்ப்புடன் அச்சேறியது.

12ஆம் நூற்றாண்டில் இஷ்பீலியாவில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம் எழுதிய கிதாபுல் ஃபிலாஹா இத்துறையின் பெருநூல். முன்னோரின் கருத்துகளை எடுத்துரைப்பதோடு, அஷ்ஷரஃப் மேட்டுநிலத்தில் தாமே நட்டுச் சோதித்தவற்றையும் தனித்துக் குறிப்பது அவர் முறை. ஹதீஸ் கலையின் இஸ்னாத் ஒழுங்கு உழவு நூலிலும் தன் முத்திரையைப் பதித்துள்ளது என்று கூறுவது மிகையாகாது. இந்நூலை 1802இல் பான்கேரி ஸ்பானிய மொழியில் வெளியிட்டார், 1864 முதல் 1867 வரை பிரெஞ்சிலும் வந்தது, உருதுவிலும் உண்டு.

முற்ற அமைப்பிலும் இவ்வறிவு வெளிப்பட்டது. இஷ்பீலியா அல்காசரின் முற்றங்கள் சிலவற்றில் மரப்பாத்திகள் நடைபாதையைவிட மிகத் தாழ்வாக அமைக்கப்பட்டிருந்தன. நடப்போரின் கண்ணெதிரே பூவும் கனியும் நிற்கும். வேரோ நிழலும் ஈரமுமான ஆழத்தில் குளிர்ந்திருக்கும். நிலத்தில் பதித்த பெருந்தொட்டி என்றே இதனைக் கூறலாம். பிற்காலத்தில் குளிர்மிக்க ஐரோப்பா இதனைத் தலைகீழாக்கியது. 1684 முதல் 1686 வரை வெர்சேயில் எழுப்பப்பட்ட நாரத்தை மாளிகையில், மரப்பெட்டிகளில் வளர்க்கப்பட்ட மரங்கள் குளிர்காலத்தில் உள்ளே வைக்கப்பட்டு, கோடையில் வெளியே கொணரப்பட்டன. இன்றைய தொட்டி மரத்தின் முன்னோடிகளுள் அதுவும் ஒன்று.

புகழ்ச்சியில் நிதானம்

ஆண்ட்ரூ வாட்சன் 1974இல் எழுதிய கட்டுரையிலும், 1983இல் வெளியிட்ட நூலிலும், முஸ்லிம்களால் பரவிய பயிர்களின் பட்டியலில் நாரன்ஜ், எலுமிச்சை வகைகளைச் சேர்த்து, அதனை ஒரு வேளாண் புரட்சி எனக் கூறினார். நம்மவர் இதனை மகிழ்வுடன் மேற்கோள் காட்டுவர். ஆனால் மைக்கேல் டெக்கர் 2009இல் அப்பட்டியலில் சில பயிர்கள் இஸ்லாத்திற்கு முன்பே மேற்கில் இருந்தன என்று சான்று காட்டினார். கோதுமையின் ஒரு வகை, நெல், பருத்தி முதலியவற்றைப் பற்றியதே அவர் மறுப்பு, நாரன்ஜைப் பற்றியதன்று. மறுப்பையும் அறிந்து, எஞ்சியதைக் கூறுவதே ஆய்வாளரின் அமானிதம்.

கும்குவாட்டின் வரலாறும் இந்நிதானத்தையே நமக்குப் போதிக்கிறது. அது முற்றிலும் சீனத்தின் கொடை. 1178இல், இப்னுல் அவ்வாமின் நூற்றாண்டிலேயே, ஹான் யான்ஜி என்னும் சீன அதிகாரி தம் பகுதியின் நாரத்தை வகைகள் இருபத்தேழைப் பற்றித் தனிநூல் எழுதி, அதில் பொன் நாரத்தையையும் குறித்தார். ஒருவரையொருவர் அறியாத இருவர், உலகின் இரு முனைகளில், ஒரே குடும்பத்து மரங்களைப் பற்றி எழுதியுள்ளனர். அது ஐரோப்பாவை அடைந்தது 1846இல். கொண்டுசென்றவர் ராபர்ட் ஃபார்ச்சூன்.

மாணவரின் மாடத்து மரத்திற்கு வருவோம். நீர் வடியும் துளையுள்ள தொட்டி, வேரடியில் நீர் தேங்காத இளக்கமான மண், நாள்தோறும் நல்ல வெயில், மண்ணின் மேற்பரப்பு காய்ந்தபின் நீர், ஒட்டுக் கணுவிற்குக் கீழே துளிர்ப்பதை உடனே கிள்ளுதல் ஆகிய இவை போதும். இவற்றுள் பெரும்பகுதி, மண்ணையும் நீரையும் முதலில் அறிக என்று உரைத்த அந்தலுஸ் உழவர்களின் பாடமே.

முஸ்லிம் ஒருவர் நடும் மரத்திலிருந்து மனிதரோ, பறவையோ, விலங்கோ உண்பது அவருக்கு ஸதகாவாகும் என்ற பொருளில் வரும் நபிமொழி நாம் அறிந்ததே. நடுபவர் எந்நாட்டவர், மரம் எந்நாட்டது என்று அது வினவவில்லை. அல்காஹிர் தம் மரங்களைப் பிறர் காணலாகாது என்று அழித்தார். குர்துபாவின் அறிஞர்களோ, தாம் விரும்பாத மரத்தின் கனி யாருக்குச் சேரும் என்று சிந்தித்தனர். மாணவர் தம் தொட்டியில் முதற்கனி பழுத்ததும் அதனை அடுத்த வீட்டுச் சீனக் குடும்பத்தாருக்குக் கொடுத்ததாக எழுதியிருந்தார். அவர்கள் நாட்டு மரம், அவர்களுக்கே முதற்கனி. அரபிப் பெயர் இல்லையே என்ற குறை நமக்கு அப்போது தோன்றவில்லை.