நாடு தேர்ந்த பாட்டும் எல்லை கடந்த பாட்டும்

ஒரு நாட்டிற்கு எல்லை வகுத்தல் எளிது. கொடி அமைத்தலும் எளிது. நில அளவையாளரும் சட்ட வல்லுநரும் கூடி அவற்றை முடித்துவிடுவர். ஆயின், தன் பெயரால் உலகோர் முன் ஒலிக்கத்தக்க ஒரு பாட்டைத் தேர்ந்தெடுக்க ஒரு நாடு முற்படும்போதுதான் பல வினாக்கள் எழுகின்றன. எம்மொழியில் பாடுவது? யார் இயற்றியதைப் பாடுவது? எவ்வடியைக் கொள்வது, எவ்வடியைத் தள்ளுவது? தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கு உண்டு? தாயகத்தை விட்டுப் பல ஊர்களிலும் நாடுகளிலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பத்தார்க்கு இவ்வினாக்கள் ஏட்டு வினாக்கள் அல்ல, வாழ்க்கையோடு ஒட்டியவை. ஆதலின் அவற்றைச் சிறிது வரலாற்று நோக்கில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

உலக அரங்கில் பாட்டுத் தேர்வு

ஐரோப்பிய நாடுகள் ஆண்டுதோறும் ‘யூரோவிஷன்’ என்னும் பாட்டுப் போட்டி ஒன்றை நடத்தி வருகின்றன. 1956ஆம் ஆண்டு மே மாதம் சுவிட்சர்லாந்து நாட்டின் லுகானோ நகரில் ஏழு நாடுகளுடன் அது தொடங்கிற்று. ஒவ்வொரு நாடும் தன் பாட்டைத் தானே தேர்ந்தனுப்ப வேண்டும் என்பது முறை. தொடக்கத்தில் ஒவ்வொரு நாடும் தத்தம் மொழியிலேயே பாடின. 1966இல் அதனை விதியாகவே ஆக்கினர், 1973இல் தளர்த்தினர், 1977இல் மீண்டும் விதித்தனர், 1999 முதல் அறவே நீக்கினர். இன்று பல நாடுகள் தம் மொழியை விடுத்து ஆங்கிலத்தில் பாடியே பரிசு நாடுகின்றன. ‘வெற்றி பெறும் பாட்டா, நம் குரலாக ஒலிக்கும் பாட்டா?’ என்னும் போராட்டம் அங்கும் ஓய்ந்தபாடில்லை.

நம்மவர் மிகுதியாகக் குடியேறிய மலாயாவின் கதை இன்னும் சுவையானது. விடுதலை நெருங்கிய 1956ஆம் ஆண்டில் நாட்டுப்பண்ணுக்காக உலகளாவிய போட்டி ஒன்றினை அந்நாடு அறிவித்தது. 514 பாடல்கள் வந்து குவிந்தன. ஒன்றும் மனத்திற்கு இசையவில்லை. பெஞ்சமின் பிரிட்டன் போன்ற புகழ்பெற்ற இசைவாணர்களை வேண்டியும் பயன் விளையவில்லை. முடிவில் 1957இல், உள்நாட்டிலேயே மக்கள் நாவில் பழகியிருந்த பேராக் மாநிலப் பண்ணின் மெட்டே ‘நெகாராகூ’ ஆயிற்று. உலகெங்கும் தேடிய பொருள் வீட்டு முற்றத்திலேயே கிடந்தது!

இலங்கையின் கதையோ துயரம் தோய்ந்தது. 1948இல் லங்கா காந்தர்வ சபை நடத்திய போட்டியில் வென்ற பாட்டை இயற்றியவரும் இசையமைத்தவரும் நடுவர் குழுவிலேயே அங்கம் வகித்தவர்கள். மக்கள் அதனை ஏற்கவில்லை. பின்னர் 1951 நவம்பரில் ஆனந்த சமரக்கோனின் பாடல் நாட்டுப்பண்ணாக ஏற்கப்பட்டது. அதனைப் பண்டிதர் மு. நல்லதம்பி தமிழில் ஆக்கித் தந்தார். பிரதமர் இருவர் அடுத்தடுத்து மறைந்ததற்குப் பாட்டின் தொடக்க எழுத்தே காரணம் என்று சிலர் கூற, கவிஞரின் எதிர்ப்பையும் மீறி 1961இல் முதலடியை மாற்றினர். மனமுடைந்த கவிஞர் 1962இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவ்வப்போது ஒதுக்கப்பட்டு வந்த தமிழ் வடிவம் 2016ஆம் ஆண்டு விடுதலை நாள் விழாவில் பல்லாண்டுகளுக்குப் பின் ஒலித்தது. 2020இல் மீண்டும் விடப்பட்டது. பாட்டின் ஓர் எழுத்தும் ஒரு மொழிபெயர்ப்பும் எத்துணைப் பேரின் உள்ளத்தைத் தொடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பாரதம் தேர்ந்த வகை

பாரத நாடு போட்டி எதனையும் நடத்தவில்லை. 1947இல் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை கூடியபோது, ஒரு நிகழ்ச்சியில் வாசிப்பதற்காக நம் தூதுக்குழுவினரிடம் இந்தியாவின் நாட்டுப்பண்ணைக் கேட்டனர். முறையாகத் தேர்ந்த பண் எதுவும் அப்போது நம்மிடம் இல்லை. கைவசம் இருந்த ‘ஜன கண மன’ இசைத்தட்டு ஒன்றை அவர்கள் அளிக்க, வாத்தியக் குழுவினர் அதனைப் பயின்று வாசித்தனர். பல நாட்டாரும் அவ்விசையைப் பாராட்டினர். இச்செய்தியை 1948 ஆகஸ்டு 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் நேருவே விளக்கியுள்ளார். மாகாண ஆளுநர்களின் கருத்தைக் கேட்டதாகவும், ஒருவர் நீங்கலாக ஏனையோர் இசைந்ததாகவும் அவர் கூறினார். வெளிநாடுகளில் வாத்தியக் குழுக்கள் வாசிக்க வேண்டியிருத்தலின், சொல்லினும் இசைக்கே முதன்மை தரவேண்டும் என்பது அவர் வாதம்.

1911 டிசம்பரில் கல்கத்தாக் காங்கிரஸ் மாநாட்டில் முதன்முதலாகப் பாடப்பட்ட தாகூரின் அப்பாடல், 1950 ஜனவரி 24 அன்று நாட்டுப்பண்ணாக அறிவிக்கப்பட்டது. வாக்கெடுப்பு நிகழவில்லை, இராசேந்திர பிரசாத் தம் அறிவிப்பாகவே அதனைக் கூறி, ‘வந்தே மாதர’த்திற்கும் நிகரான மதிப்பு உண்டு என்று சொல்லி அமர்ந்தார். முந்திய பாட்டை நீக்காமல் பக்கத்தில் அமர்த்திய அப்பண்பு நினைக்கத்தக்கது.

திருவனந்தபுரத்துப் பேராசிரியர்

இனி நம் தாய்மொழிப் பாட்டுக்கு வருவோம். தமிழ்த்தாய் வாழ்த்தைப் பாடாத தமிழ்ச் சங்கம் இல்லை. ஆனால் அது பிறந்த ஊர் மதுரையன்று, தஞ்சையன்று, சென்னையுமன்று, திருவனந்தபுரம். 1855இல் ஆலப்புழையில் பிறந்து, திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக விளங்கிய பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட ‘மனோன்மணீயம்’ நாடகத்தின் பாயிரத்தில் அமைந்தது அது. அவர் கல்வெட்டுகளைத் தேடி ஆராய்ந்து திருவிதாங்கூரின் பண்டை வேந்தர்களைப் பற்றி ஆங்கில நூலும் எழுதினார். 1897இல் நாற்பத்திரண்டாம் அகவையிலேயே மறைந்தார்.

அந்நாடகத்தின் கதையையும் ஈண்டு நினைவுகூர வேண்டும். பாண்டியன் சீவகனுக்கும் சேரன் புருடோத்தமனுக்கும் போர் மூளுவது நாஞ்சில் நாட்டின் உரிமை பற்றியே. அமைச்சன் குடிலனின் சூழ்ச்சியால் எல்லைப் பூசல் வளர்ந்து போராகிறது; முடிவிலோ சேரன் கையும் பாண்டியன் மகள் மனோன்மணியின் கையும் இணைகின்றன. எல்லை பற்றிய பூசலில் தொடங்கி உறவில் முடியும் கதையின் வாயிலில்தான் தமிழ்த்தாய் வாழ்த்து நிற்கிறது. இதனை எல்லைப்புறத்தில் பிறந்தவர் எளிதில் மறக்க இயலாது.

தஞ்சைக் கரந்தைத் தமிழ்ச் சங்கம் போன்ற அமைப்புகள் அதனைத் தம் விழாக்களில் முன்னரே பாடி வந்தன. 1970இல் தமிழக அரசு அதனை அரசு விழாக்களின் தொடக்கப் பாட்டாக ஏற்றது. மெல்லிசை மன்னர் எம்.எஸ். விசுவநாதன் மோகன ராகத்தில் இசையமைத்தார். 2021 டிசம்பரில், 55 நொடிகளில் பாடத்தக்க அப்பாடல் தமிழ்நாட்டின் மாநிலப் பாடலாகவே அறிவிக்கப்பட்டது. மாற்றுத்திறனாளிகள் நீங்கலாக அனைவரும் எழுந்து நிற்றல் வேண்டும் என்றும் வகுக்கப்பட்டது.

கோடு விழுந்த ஆண்டு

லுகானோவில் ஐரோப்பியர் பாட்டுக்குப் போட்டியிட்ட அதே 1956ஆம் ஆண்டின் நவம்பர் முதல் நாள் நம் பகுதியில் மொழிவழி எல்லை விழுந்தது. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்தில் இணைந்தன. செங்கோட்டையின் ஒரு பகுதியும் சேர்ந்தது. மார்சல் நேசமணியின் தலைமையில் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய பகுதிகளுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. அது கேரளத்திலேயே நின்றது. 1954 ஆகஸ்டு 11 அன்று துப்பாக்கிச் சூட்டில் உயிரீந்தோரின் நினைவு தென்திருவிதாங்கூர்த் தமிழர் நெஞ்சில் இன்றும் உண்டு.

பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே கோடு விழுந்ததனால் மண் மாறவில்லை. இப்புறமும் அப்புறமும் அதே தென்னை, அதே மரச்சீனி, அதே ரப்பர். ஒரே வீட்டில் தாய்வழி உறவு விளவங்கோட்டிலும் தந்தைவழி உறவு நெய்யாற்றின்கரையிலும் இருத்தல் இயல்பு. பாறசாலை மகாதேவர் கோயில் திருவிழாவுக்கு வருவோரின் பேச்சில் எது தமிழ், எது மலையாளம் என்று கோடு கிழிக்க எந்தக் கமிஷனாலும் ஆகாது. எனினும் பள்ளிப் பாடம் ஒரு மொழி, அடுப்பங்கரைப் பேச்சு ஒரு மொழி என்று வளர்ந்த பிள்ளைகளுள் நானும் ஒருவன். நாட்டுப்பண்ணைப் பள்ளியில் கற்றோம்; தமிழ்த்தாய் வாழ்த்தை எல்லைக்கு அப்பால் நடக்கும் விழாக்களில், உறவினரோடு சென்றபோதே கேட்டோம். அது நம் தலைநகரிலேயே எழுதப்பட்ட பாட்டு என்பதை அப்போது எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

நெய்யாற்றின்கரை ஈந்த பாட்டு

இதற்கு மறுபக்கமும் உண்டு. சமஸ்தான காலத்தில் திருவிதாங்கூருக்கென்று மகாகவி உள்ளூர் பரமேசுவர ஐயர் இயற்றிய ‘வஞ்சீச மங்களம்’ ஒலித்தது. முடியரசு மறைய, அப்பாட்டும் அரங்கை விட்டு நீங்கியது. பின்னர்க் கேரள அரசு 2014இல் தன் பண்பாட்டுப் பாடலாக அறிவித்தது போதேசுவரன் 1938இல் இயற்றிய கேரள கானத்தையே. அக்கவிஞர் பிறந்த ஊர் எது? நெய்யாற்றின்கரை! கவிஞர் சுகதகுமாரியின் தந்தையார் அவர்.

வரலாற்றின் விளையாட்டைப் பாருங்கள். தமிழ்நாட்டின் மாநிலப் பாடல் இன்றைய கேரளத் தலைநகரில் பிறந்தது. தமிழர் தமக்கு வேண்டுமென்று கோரிய மண்ணில் பிறந்தவர் கேரளத்தின் பாட்டை எழுதினார். போதாக்குறைக்கு, சுந்தரம் பிள்ளையின் மகனார் பி.எஸ். நடராச பிள்ளை, ‘ஜன கண மன’வை ஏற்ற அரசியல் நிர்ணய சபையில் திருவிதாங்கூர் சார்பில் உறுப்பினராக இருந்தவர், பின்னர்த் திருவிதாங்கூர்–கொச்சி அரசின் நிதியமைச்சராகவும் விளங்கியவர். தந்தையார் பாட்டெழுதினார், மகனார் பாட்டைத் தேர்ந்த அவையில் அமர்ந்தார். தாகூரின் பாட்டிலும் சுந்தரனாரின் பாட்டிலும் ‘திராவிடம்’ என்னும் சொல் அமைந்திருப்பதும் கருதத்தக்கது.

பாட்டுத் தேர்வு எங்கும் எளிதன்று என்பதற்கு அண்மைச் சான்றும் உண்டு. கேரள சாகித்திய அகாதமி மாநிலத்திற்குப் புதிய பாட்டொன்றைத் தேட முனைந்தபோது, தாம் எழுதித் தந்த பாட்டின் நிலை என்னவாயிற்று என்று கவிஞர் ஸ்ரீகுமாரன் தம்பி 2024இல் வெளிப்படையாகவே வருந்தினார். மலாயாவின் 514 பாடல்கள் நம் நினைவுக்கு வருகின்றன.

விடுபட்ட அடிகள்

1970இல் சுந்தரனாரின் பாடல் முழுமையாக ஏற்கப்படவில்லை. கன்னடம், தெலுங்கு, மலையாளம், துளு ஆகியவை தமிழின் வயிற்றில் உதித்தவை என்றும், ஆரியம் உலக வழக்கு ஒழிந்தது என்றும் பொருள்படும் அடிகளை நீக்கினர். பிறமொழியாளர் மனம் புண்படலாகாது என்பதே கருத்து. ‘கவிஞர் வாக்கில் கைவைப்பதா?’ என்று தமிழ்ப் பற்றுடையோர் பலர் இன்றும் வினவுகின்றனர். அவ்வினாவில் நியாயம் உண்டு. சமரக்கோனின் முடிவை அறிந்தோர் அதனை இகழார்.

ஆயினும் எல்லைப்புறத்தார் கண்கொண்டு நோக்கினால் வேறொன்று தோன்றும். நம் வேலிக்கு அப்பால் இருப்பவர் மலையாளம் பேசுபவர். நம் பெண்ணை மணந்தவரும், நம் பிள்ளைக்கு எழுத்தறிவித்தவரும் அவரே. அவர் எழுந்து நின்று நம் பாட்டை மதிக்கும்போது, ‘உன் மொழி எம்மொழியின் சேய்’ என்று அவர் முன் பாடுவது பண்பாகாது. சுந்தரனார் எழுதியதும் பகையினால் அன்று. தாயின் இளமையை வியக்க வந்த புலவர், பெற்ற மக்களைச் சுட்டிக் காட்டினார். அது காவியத்திற்குப் பொருந்தும். பலர் கூடி நிற்கும் அவைக்குப் பொருந்தாது. ஆகவே மேடையில் குறுகிய வடிவத்தைப் பாடுதலும், வகுப்பறையில் முழுப் பாடலையும் கற்பித்தலுமே நேரிய வழி என்பது என் துணிபு. சுருக்கியது குற்றமன்று, சுருக்கியதை மறைத்தலே குற்றம்.

நம் கடன்

சங்க விழாக்களில் நம் பிள்ளைகள் இப்பாட்டைப் பிழையின்றிப் பாடுகிறார்கள், மகிழ்ச்சி. ஆனால் இதனை எழுதியவர் யார், எவ்வூரினர், எந்நாடகத்தின் வாயிலில் இதனை வைத்தார் என்று கேட்டால் எத்தனை பேர் விடை கூறுவர்? தமிழகத்துக்கு வெளியே வாழ்ந்த ஒரு தமிழர், பிறமொழியாளர் நடுவே அமர்ந்து எழுதிய பாட்டு இது. அவ்வகையில் இது முதற்கண் நம் போன்றோரின் பாட்டு. பின்னரே ஓர் அரசின் பாட்டு. வெளியூரில் வாழ்பவன் தாய்மொழியை இழந்தே தீர வேண்டும் என்பாருக்கு இதனினும் சிறந்த மறுப்பு இல்லை.

ஆதலின் ஒவ்வொரு சங்கமும் ஆண்டில் ஒருமுறையேனும் மனோன்மணீயத்தின் பாயிரம் முழுவதையும் இளைஞரைக் கொண்டு படிக்கச் செய்தல் வேண்டும். நாஞ்சில் நாட்டுப் பூசல் திருமணத்தில் முடிந்த கதையையும் சொல்லித் தருதல் வேண்டும். அதனோடு, தாம் வாழும் மண்ணின் பாட்டையும் பொருளறிந்து பாடப் பழக்குதல் வேண்டும். அரசுகள் பாட்டைத் தேரலாம், சில அடிகளை விடலாம், எல்லைகளை மாற்றலாம். அப்பாட்டின் வரலாற்றைத் தலைமுறைக்குத் தலைமுறை எடுத்துச் செல்லும் கடமை மட்டும் குடும்பங்களுக்கே உரியது. அக்கடமையை மறவாதிருப்போமாக! வாழ்க தமிழ்! வாழ்க நம் அண்டையாரின் மொழிகள்!